பட்டியலில் பூஜ்யம்

மதுரையில் கட்டற்ற மென்பொருளுக்காக ஒரு குழு நடத்துகிறார்கள். எல்லாம் என் மகன் வயதுக்காரர்கள். ஆண்டு மலர் போடப்போகிறார்களாம். “ஓடிக்கிட்டிருக்குற லினக்ஸ் சிஸ்டத்த அப்படியே முழுக் கட்டற்ற பதிப்புக்கு எப்படி மாத்துறதுன்னு எழுதிக் குடுங்கண்ணே” என்று மூன்று முறை போன் வந்துவிட்டது. “நம்ம ஊர்ல மொதமொதல்ல இம்புட்டுப் பெருசா செஞ்சது நீங்கதாண்ணே” என்று ஐஸ் வேறு. செய்தது உண்மை. அதற்காக மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தியதும் உண்மை. பொன்னாடையை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துகொள்ள எனக்கு மனசு வரவில்லை. எழுதினால் முழுசாகத்தான் எழுதுவேன். பிடிக்காவிட்டால் மலரில் போடாமல் விட்டுவிடட்டும், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. லினக்ஸ் என்றாலே கட்டற்றதுதானே, அதில் என்ன முழுக் கட்டற்றது, அரைக் கட்டற்றது என்று கேட்பார்கள். நாம் சாதாரணமாகப் போடுகிற லினக்ஸில் கம்பெனிக்காரர்கள் மூடிக் கொடுத்த சில நிரல்களும் கலந்திருக்கும். நெட்வொர்க் கார்டு, வைஃபை கார்டு மாதிரியான சாமான்கள் சிலவற்றுக்குள் அந்த நிரலை ஏற்றினால்தான் அவை வேலை செய்யும். அதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களும் பார்க்க முடியாது, நானும் பார்க்க முடியாது. முழுக் கட்டற்ற பதிப்பில் இப்படிப்பட்ட சரக்கு ஒன்றுகூட இருக்காது. இந்தக் கொள்கை சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது.

நான் படித்த படிப்பு பெரிசாக ஒன்றும் இல்லை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு ஓர் அறக்கட்டளையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்தது, டைப்ரைட்டரைத் தூக்கிப் பரணில் போட்டார்கள், என்னைத் தூக்கிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியைப் போட்டுப் போட்டு லினக்ஸ் கற்றுக்கொண்டேன். பதினைந்து வருஷத்தில் சிஸ்டம் அட்மின் ஆனேன். அவ்வளவுதான் என் பூர்வீகம்.

அறக்கட்டளையின் பெயர் வேண்டாம். மதுரையில் தலைமை அலுவலகம். உசிலம்பட்டியிலும் கொட்டாம்பட்டியிலும் படிப்பு மையங்கள். சுற்று வட்டாரத்து ஆட்கள் வந்து அரசாங்கப் பரீட்சைகளுக்குப் படிப்பார்கள், ஆன்லைனில் விண்ணப்பம் போடுவார்கள், எல்லாம் இலவசம். ஒவ்வொரு மையத்திலும் ஒரே ஒரு சர்வர், அதில் தொங்கிக்கொண்டு பத்து கம்ப்யூட்டர். அந்தப் பத்திலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. சர்வர் உயிரோடு இருந்தால்தான் அவை உயிரோடு இருக்கும்.

உசிலம்பட்டி மையத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒச்சம்மாள். நாற்பது வயது இருக்கும். ஒன்பது வருஷமாக ஒப்பந்த ஊழியர். அந்த வருஷம் ஜூனில் அவரை நிரந்தரம் செய்வதாகப் பட்டியலில் பெயர் ஏறியிருந்தது. அவரே என்னிடம் ஒருநாள், “ஜூனுக்கப்புறம் எங்க வீட்டுல நாந்தான் சார் கவர்மெண்டு” என்று சொல்லிச் சிரித்தார். வீட்டுக்காரருக்கு மழையை நம்பின காடு. ஆக, அந்த வேலைதான் அந்த வீட்டுக்கு எல்லாம்.

இனி எங்கள் டைரக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வைத்தியநாதன் சார். என் முப்பது வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. நாம் குனிந்தால்தான் கேட்கும், அவ்வளவு மெதுவாகப் பேசுவார். மேஜைமேல் ஒரு தம்ளர் வெந்நீர், ஒரு பச்சை மைப் பேனா, வேறு ஒரு துரும்பு இருக்காது. எதைச் சொன்னாலும், “எழுத்துல குடுங்க” என்பார். எழுதிக் கொடுத்தால் பச்சை மையில் திருத்துவார். அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. மூன்று இடங்களின் சர்வரும் எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகின்றன என்ற கணக்கை ஒவ்வொரு திங்கட்கிழமையும் தன் கையாலேயே எழுதுவார். வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவார். உசிலம்பட்டிக்கு நேராக நானூற்றுச் சொச்சம் இருந்தது. அந்த எண் பூஜ்யமானால் யாரால் ஆனதோ அவர் விளக்கம் எழுத வேண்டும். அதனால் எங்கள் நிறுவனத்தில் சர்வரை ரீபூட் செய்வதென்றால், அதாவது அணைத்து மறுபடி எழுப்புவதென்றால், எல்லோரும் நழுவிவிடுவார்கள். சர்வர் என்றால் சில சமயம் அணைத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. எனக்கும் இல்லை.

உசிலம்பட்டியில் கரெண்டு போனாலும் சர்வர் ஓடியதற்குக் காரணம், யூபிஎஸ்ஸோடு இணைத்திருந்த பெரிய பேட்டரிகள். அவை மண்டையைப் போட ஆரம்பித்து ஆறு மாசம் ஆகியிருந்தது. மாற்றித் தரும்படி ஒச்சம்மாள் மூன்று கடிதம் எழுதினார். மூன்றிலும் பச்சை மையில் ‘பார்க்கலாம்’ என்று இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து ஒரு குழு வருவதாகச் செய்தி. முழுக்கவும் கட்டற்ற மென்பொருளில் இயங்கும் நிறுவனம் என்று சான்றிதழும், வாசலில் பதிக்கக் கல்வெட்டு மாதிரி ஒரு பலகையும் தருவார்கள். விழா வெள்ளிக்கிழமை. அதற்குள் மூன்று சர்வரையும் மாற்றியாக வேண்டும். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான், மறைப்பானேன். பத்து வருஷமாக நான் தொண்டை வறளக் கத்தின விஷயத்தை இப்போது டைரக்டரே கேட்கிறார்.

இளைஞர்கள் கேட்ட செய்முறை இதுதான். முதலில் பேக்கப். அடுத்து, சர்வரில் உள்ள பேக்கேஜ்கள், அதாவது மென்பொருள் பொதிகள், அத்தனையையும் பட்டியலெடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு, மென்பொருள் எங்கிருந்து வரவேண்டும் என்று சொல்கிற முகவரி ஃபைலைத் திறந்து, பழைய முகவரிகளை எடுத்துவிட்டு, கட்டற்ற பதிப்பின் முகவரியைப் போட வேண்டும். வருகிற சரக்கு அசல்தானா என்று பார்க்க அவர்களுடைய கையொப்பச் சாவியை ஏற்ற வேண்டும். அப்புறம் அப்டேட். அது முடிந்ததும் ஒரு சோதனை நிரலை ஓட்டினால், இன்னும் கட்டுள்ள சரக்கு எவையெவை மிச்சம் இருக்கின்றன என்று பட்டியல் போடும். அவற்றை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். கர்னல் என்று ஒன்று இருக்கிறது, சிஸ்டத்துக்கு அதுதான் உயிர். மூடிய சரக்கு எதுவும் கலக்காத புதுக் கர்னலைப் போட வேண்டும். பிறகு ரீபூட் செய்து, பக்கத்திலேயே நின்று எல்லாம் எழுந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். அது சரியாக வந்த பிறகுதான், பிறகுதான், பழைய கர்னலை நீக்க வேண்டும். புதியது எழாவிட்டால் பழையதைக் கொண்டு எழுப்பலாம் அல்லவா. இந்த வரிசையை நானே கைப்பட எழுதி என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

மதுரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டைரக்டரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி முடித்தேன். கொட்டாம்பட்டிக்கு நேரில் போய் முடித்தேன். அங்கே ஏற்கெனவே மின்னல் அடித்துப் பலகையில் எண் சின்னதாகத்தான் இருந்தது, ரீபூட் செய்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டும் சுத்தமாக எழுந்து வந்தன. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. உசிலம்பட்டி சர்வர் வேறு சாதி, சென்னையில் யாரோ கழித்துப் போட்டதை வாங்கியது, அதிலிருக்கும் நெட்வொர்க் கார்டு என்ன ரகம் என்றுகூடப் பார்க்காமல், புதன்கிழமை மத்தியானம் மதுரையில் உட்கார்ந்தபடியே நெட்வொர்க் வழியாக மாற்ற ஆரம்பித்தேன்.

நாலு மணிக்கு டைரக்டர் கூப்பிட்டார். போய்க் குனிந்து நின்றேன்.

“உசிலம்பட்டி பட்டியல்ல இன்னும் எத்தனை ராஜேந்திரன்?”

“ரெண்டு சார். ஃபர்ம்வேர் ஒண்ணு, பழைய கர்னல் ஒண்ணு.”

“பூஜ்யம் வேணும். பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வைக்கணும்.”

“ஒரு தடவ ரீபூட் பண்ணிப் பாத்துட்டு எடுத்துறேன் சார். நாளைக்குக் காலைல நேர்ல போயிட்டு வாரேன்.”

அவர் வெந்நீரை ஒரு மடக்குக் குடித்தார். நாற்காலியை லேசாகத் திருப்பி வெள்ளைப் பலகையைப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை வாரவுங்க இதையும் பாப்பாங்க” என்றார்.

ரீபூட் செய்யாதே என்று அவர் சொல்லவே இல்லை. அதுதான் அந்த மனுஷனின் சாமர்த்தியம். என் இடத்துக்கு வந்தேன். கண்ணாடிக்கு அடியில் நான் எழுதிய தாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, பார்க்கட்டும் என்று இரண்டையும் நீக்கினேன். சோதனை நிரலை ஓட்டினேன். பூஜ்யம். உசிலம்பட்டி சர்வர் ஒரு முனகல் இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடாமல் என்ன செய்யும்? பழைய கர்னல் ஏற்கெனவே நினைவகத்தில் ஏறி ஓடிக்கொண்டிருக்கிறது, ஃபர்ம்வேர் கார்டுக்குள் ஏற்கெனவே இறங்கியிருக்கிறது. டிஸ்க்கில் இரண்டையும் அழித்தாலும் அணைக்கிறவரைக்கும் ஒன்றும் தெரியாது. இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. தெரிந்தேதான் செய்தேன். விழா முடிந்ததும் சனிக்கிழமை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை உசிலம்பட்டியில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணிவரை கரெண்டு இல்லை. அன்றைக்கே ஒரு அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். போன மாசம்வரை எப்படியோ இழுத்துக்கொண்டிருந்த பேட்டரி அன்றைக்கு அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. யூபிஎஸ் கத்த ஆரம்பித்ததும் ஒச்சம்மாள் முதலில் பத்து கம்ப்யூட்டரையும், பிறகு சர்வரையும் ஒழுங்காக நிறுத்தி, நேரத்தை நோட்டில் எழுதியிருக்கிறார். இரண்டு மணிக்குக் கரெண்டு வந்தது. இரண்டேகாலுக்கு எனக்குப் போன். நான் மேடையில் இருந்தேன். தோளில் பொன்னாடை இருந்தது.

“சார், கரெண்டு வந்துருச்சு. சர்வர் ஆன் ஆகுது, ஆனா பத்துல ஒண்ணுகூட முழிக்க மாட்டேங்குது சார். வெளிய அம்புட்டுச் சனம் நிக்குது. நீங்க ஏதாச்சும் மாத்துனீங்களா?”

அந்தக் கேள்வி காதில் விழுந்த கணமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது: ஃபர்ம்வேர் இல்லாமல் நெட்வொர்க் கார்டு செத்துக் கிடக்கிறது, பத்துக்கும் சர்வரோடு இணைப்பு இல்லை. பக்கத்து நாற்காலியில் டைரக்டர், அதற்கு அடுத்து பெங்களூர்க்காரர்கள்.

“ஒண்ணும் மாத்தலம்மா. கேபிளப் பாருங்க” என்றேன்.

“ரெண்டு தடவ புடுங்கிச் சொருகிட்டேன் சார்.”

“மேடைல இருக்கேன்மா. அப்புறம் பேசுறேன்.”

அப்புறம் பேசவில்லை. என்ன சொல்லிப் பேசுவது? அந்தம்மா ஆபீஸ் மானிட்டரைக் கழற்றிக்கொண்டு போய்ச் சர்வரில் மாட்டிப் பார்த்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை என்றதும், தன் செல்போனிலேயே ஒவ்வொருவர் விண்ணப்பமாக நிரப்ப உட்கார்ந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்த பிரவுசிங் சென்டருக்குக் கொஞ்சம் பேர் ஓடினார்கள், அங்கேயும் கூட்டம். கெடு முடிந்தபோது ஆறு பேர் மிச்சம். அதில் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்கு அந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது. அவளுடைய அண்ணன் மையத்து வாசலில் நின்று, “சம்பளம் வாங்குறீங்கள்ல, எங்க வீட்டுப் புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே” என்று ஒச்சம்மாளைப் பார்த்துக் கத்தியிருக்கிறான். மறுநாளே புகார் தலைமை அலுவலகத்துக்கு வந்துவிட்டது.

சனிக்கிழமை உசிலம்பட்டிக்குப் போனேன். பென் டிரைவிலிருந்து பழைய கர்னலையும் ஃபர்ம்வேரையும் திரும்பப் போட்டேன். பத்தே நிமிஷம். பத்து கம்ப்யூட்டரும் எழுந்துகொண்டன. ஒச்சம்மாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னவாம் சார்?”

“ஃபைல் கெட்டுப்போச்சும்மா” என்றேன். அவர் சரி என்று சொல்லிவிட்டு எனக்கு டீ வாங்கிவரப் போனார். அந்த டீயையும் குடித்தேன்.

புகாருக்கு அறிக்கை கேட்டார்கள். நான் முதலில் எழுதியது உண்மையைத்தான், சத்தியமாகச் சொல்கிறேன். ரீபூட் செய்து பாராமல் நான் பழைய கர்னலையும் ஃபர்ம்வேரையும் நீக்கியதால் வந்த கோளாறு என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். டைரக்டர் அதை இரண்டு முறை படித்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

“சான்றிதழ் வந்து இன்னும் மை காயல ராஜேந்திரன்” என்றார். பிறகு, “ரிட்டயர்மெண்டுக்கு உங்களுக்கு எத்தனை வருஷம்?”

“ரெண்டு சார்.”

பச்சை மையில் என் பத்தியை அடித்துவிட்டு, மேலே ஒரே வரி எழுதினார். மின்தடையின்போது மைய உதவியாளர் க. ஒச்சம்மாள் சர்வரை முறைப்படி நிறுத்தத் தவறியதால் கோப்புகள் சேதமடைந்தன. நான் வெளியே வந்து அதை டைப் அடித்தேன். ஹையர் பாஸ் செய்த கை, ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. கையெழுத்தும் போட்டேன். த்தூ.

ஒரு வாரம் கழித்து விசாரணை. டைரக்டர் அறையில் மூன்று பேர்தான். அவர், நான், ஒச்சம்மாள். அறிக்கையை வாசித்தார்.

“ஏதாச்சும் சொல்லணுமாம்மா?”

ஒச்சம்மாள் என்னைப் பார்த்தார். நான் வெந்நீர்த் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இல்ல சார்” என்றார்.

பாவம், பயந்துவிட்டார், சொல்லத் தெரியவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன். ஜூனில் நிரந்தரப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அடுத்த மாசம் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. நான் இரண்டு வருஷம் கழித்து மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றேன். இதற்கிடையில் ஃபர்ம்வேர் தேவைப்படாத ஒரு சின்ன நெட்வொர்க் கார்டை வாங்கி உசிலம்பட்டி சர்வரில் போட்டு, பட்டியலை மறுபடி பூஜ்யமாக்கினேன். மதுரையில் எந்தக் கடையிலும் கிடைக்கிற கார்டு. முதல் நாளே அதைச் செய்திருக்கலாம். கட்டற்ற மென்பொருள்மேல் யாரும் பழி போட வேண்டாம், அது ஒரு பாவமும் செய்யவில்லை. வாசலில் அந்தப் பலகை இன்னும் இருக்கிறது. உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் இப்போது காசு கொடுத்து வாங்கிய சிஸ்டத்தில் ஓடுகின்றன. உசிலம்பட்டி மையத்தையும் மூடிவிட்டார்கள். வைத்தியநாதன் சார் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் யாரிடம் போய் எதைத் திருத்தச் சொல்வது?

இதையெல்லாம் எழுதி முடித்த பிறகு, அச்சுக்குக் கொடுக்குமுன் அந்தம்மாவிடம் காட்டாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது. போன வாரம் உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். மார்க்கெட் பக்கம் ஓர் உரக்கடையில் பில் போடுகிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க சார், என்ன இம்புட்டுத் தூரம்?” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். முடி பாதி நரைத்திருந்தது. கடையில் வேறு ஆள் இல்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான்தான் மாற்றினேன், கேட்டபோது பொய் சொன்னேன், அறிக்கையை நான்தான் டைப் அடித்தேன் என்று.

“தெரியும் சார்” என்றார்.

“எப்பத் தெரியும்?”

“அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். மானிட்டர மாட்டுனேன்ல. லாக்கத் தொறந்து பாத்தேன். புதன்கெழம நாலே முக்காலுக்கு எந்தப் பேக்கேஜ எடுத்தாங்க, யாரு பேருல எடுத்தாங்கன்னு அம்புட்டும் இருந்துச்சு. உங்க பேருதான் சார்.”

லினக்ஸில் எது நடந்தாலும் லாக் ஃபைலில் பதிவாகும். அதைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள் என்று மைய ஊழியர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்ததே நான்தான்.

“அப்ப ஏம்மா விசாரணையில சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்.” அவர் குரலில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் தேவலை. “ஒரு வாரம் பாத்தேன். அந்த ரூமுக்குள்ள வந்ததுக்கப்புறமும் பாத்தேன். நீங்க தலையத் தூக்கவே இல்ல.”

ஒருவர் யூரியா கேட்டு வந்தார். பில் போட்டுக் கொடுத்து அனுப்பினார். நான் பையிலிருந்து இந்தக் கட்டுரையை எடுத்து நீட்டினேன். நின்றபடியே முழுக்கப் படித்தார். நடுவில் ஓரிடத்தில் மட்டும் மேலே போய் மறுபடி படித்தார்.

“இதுல தவமணின்னு போட்டிருக்கீங்களே, அது யாரு?”

“நீங்கதாம்மா. உங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதேன்னு பேர மாத்திட்டேன்.”

தாள்களை மேஜைமேல் தட்டி ஒழுங்காக்கி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“பழியப் போடுறப்ப இனிசியலோட போட்டீங்கள்ல சார்” என்றார். “இதுலயும் அப்படியே போடுங்க.”